லோடுமேன் யாருடைய ஆள்?

ஆத்தூர் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு அறுவடை சூடுபிடித்துவிட்டால் சேகோ ஆலைகளின் வாசலில் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டும். கிழங்கு இறங்க வேண்டும். காய்ந்த ஜவ்வரிசி மூட்டையாகி, சேலத்திலுள்ள சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் குடோனுக்கு ஏற வேண்டும். தலைவாசல் காய்கறி மார்க்கெட்டிலும், மக்காச்சோளக் குடோன்களிலும், உளுந்தூர்பேட்டை சாலையோரப் பார்சல் ஆபீஸ்களிலும் இதே வேலைதான், சரக்கு மட்டும் வேறு. மூட்டை தூக்குகிறவர்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஆலைக்காரர் மேஸ்திரியைக் கைகாட்டுவார். மேஸ்திரியோ, "நான் ஆளைக் கூட்டிட்டு வர்றேன், அவ்வளவுதான். வேலை முதலாளியோடதுங்க" என்பார். லாரிக்காரருக்கு அது பார்ட்டி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். அதே வாசலில் பல வருடமாக மூட்டை தூக்கும் மனிதரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

நல்லபடியாகப் போகும்வரை இந்தக் கேள்விக்கு விடை யாருக்கும் தேவைப்படுவதில்லை. அடுக்கிய மூட்டை அட்டி சரிந்து ஒருவருக்குக் கால் முறியும்போது, பி.எஃப். அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வரும்போது, தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில் காண்ட்ராக்டரின் போன் அணைந்து கிடக்கும்போது தேவைப்படும். சட்டத்தில் விடை இருக்கிறது, ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. வெளியாளை வைத்துக் குடோன் நடத்துகிறவர் காசு கொடுத்து வாங்குவது எதை, காசு கொடுத்த பிறகும் அவர் தலையிலேயே தங்குவது எது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

முதலில், வெளியாள் எதற்கு? குடோன் வேலை சீராக வருவதில்லை. பத்து டன் சரக்கு என்றால் 50 கிலோ மூட்டையில் 200, 90 கிலோ மூட்டையில் 111. ஒரு செட் ஆட்கள் மளமளவென்று ஏற்றி முடித்துவிடுவார்கள். அடுத்த வண்டி மாலையில் வரலாம், மறுநாள் மதியமும் வரலாம். இதற்காக மாதச் சம்பளத்துக்கு எட்டுப் பேரை உட்காரவைக்கச் சின்ன ஆலைக்குக் கட்டாது. மேஸ்திரி அதே செட்டைக் காலையில் ஒரு சேகோ ஆலை, மதியம் ஒரு சோளக் குடோன், இருட்டியபின் ஒரு பார்சல் ஆபீஸ் என்று சுற்றவிடுவார். தூக்குகிறவருக்கு நாள் முழுக்க வேலை கிடைக்கிறது, ஆலைக்காரருக்கு வேலை நடந்த நேரத்துக்கு மட்டும் செலவாகிறது. ஆன்லைன் வியாபாரக் கம்பெனிகள் சென்னையைச் சுற்றி வைத்திருக்கும் பெரிய கிடங்குகளில் பண்டிகை விற்பனைக்கு முன்னால் தற்காலிக ஆட்களை ஏஜென்சி மூலம் எடுப்பதும் இதே கணக்கில்தான். ஆள் தேடுவது, ஒருவர் வராவிட்டால் மாற்று ஆள் கொண்டுவருவது, தங்க இடம் பார்ப்பது ஆகியவை தனி உழைப்பு. அந்த உழைப்புக்குக் கமிஷன் கேட்பதில் தப்பில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பதிவேடு வேண்டாம், பிடித்தம் வேண்டாம், நாளைக்கு இவர்கள் சங்கம் வைத்துவிட்டால் நமக்கென்ன வம்பு என்பது அது. வெளியே யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் வருடம் முழுக்க, தினமும் எட்டு மணி நேரம், அதே குடோனில் அதே பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டு, பெயர் மட்டும் காண்ட்ராக்டரின் ரிஜிஸ்டரில் இருக்கிறதென்றால் அங்கே ஓடுவது இந்த இரண்டாவது காரணம்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஆட்களை நேரடியாக எடுத்துக்கொள்வதே மலிவு என்பது என் எண்ணம். பில் கணக்குக்கு வரும்போது அதைக் காட்டுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம்தான் நெடுங்காலம் இந்த விஷயத்துக்கு அடிப்படை. வேலை யாருடைய இடத்தில், யாருக்காக நடக்கிறதோ அவரை அது முதன்மை வேலையளிப்பவர் என்றது. ஆள் கொண்டுவருகிறவர் ஒப்பந்ததாரர். கூலி கொடுப்பது ஒப்பந்ததாரரின் கடமை. அவர் கொடுக்காவிட்டாலோ குறைத்துக் கொடுத்தாலோ முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வெளியாட்கள் இருந்தால் ஆலைக்குப் பதிவு, ஒப்பந்ததாரருக்கு உரிமம் என்று இருந்தது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1970 சட்டத்தின் இடத்துக்கு வந்திருப்பது 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பு. இருபது என்பது ஐம்பதாகிவிட்டது. கூலி விஷயத்தில் பொறுப்புச் சங்கிலி அப்படியே இருக்கிறது: ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் நீங்கள். வசதிகள் விஷயத்தில் இன்னும் இறுகியிருக்கிறது. குடிநீர், கழிப்பிடம், ஓய்வறை, முதலுதவி ஆகியவற்றை முன்பு ஒப்பந்ததாரர் செய்து தர வேண்டும், அவர் செய்யாவிட்டால் ஆலை. இப்போது நேராக ஆலைக்காரரின் கடமை. "அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்குவாரு" என்ற பதில் இனி எடுபடாது.

இது சின்ன ஊர் விவகாரம் மட்டுமென்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதக் கடும் வெயிலில், ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், லாரிகளைக் காலி செய்து முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அதைத் தானே எடுத்துக்கொண்டு மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் அறிக்கை கேட்டது. குளிர்ந்த மோரும் ஒரு கழிப்பறையும் நம் ஊர் குடோனுக்குப் பெரிய செலவே இல்லை. மானேசரில் ஸ்கேனர், கன்வேயர் எல்லாம் இருந்தும் பிரச்சினை வந்தது இந்த இடத்தில்தான்.

புதிய தொகுப்பில் ஆலைக்காரர்களும் குடோன்காரர்களும் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் மையத் தொழிலில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது தொகுப்பு. எவையெல்லாம் மையத் தொழில் ஆகாது என்று ஒரு பட்டியலும் தருகிறது. துப்புரவு, காவல், சமையல் ஆகியவற்றோடு, வளாகத்துக்குள் நடக்கும் ஏற்றி இறக்கும் வேலையும் அதில் இருக்கிறது. ஆகவே சேகோ ஆலைக்காரர் மூட்டை ஏற்ற வெளியாளை வைக்கத் தடையில்லை. அவருடைய மையத் தொழில் மாவு அரைத்து ஜவ்வரிசி ஆக்குவது.

ஆனால் அந்தப் பட்டியலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: நிறுவனமே அந்த வேலைக்காகத் தொடங்கப்பட்டிருந்தால் விலக்கு கிடையாது. வாடகைக் குடோன், பார்சல் சர்வீஸ், சரக்கு கையாளும் கம்பெனி இவற்றுக்கெல்லாம் ஏற்றி இறக்குவதுதானே தொழில்? அவர்களுக்கு அதே மூட்டை மையத் தொழிலாகிவிட வாய்ப்பிருக்கிறது. தப்பிக்க வழியே இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தொழிலில் வழக்கமாகவே அந்த வேலை ஒப்பந்ததாரர் மூலம் நடப்பதாக இருந்தால், நாளின் பெரும்பகுதிக்கு ஆள் தேவைப்படாத வேலையாக இருந்தால், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய வேலை திடீரென்று பெருகினால் மையத் தொழிலிலும் வெளியாள் வைக்கலாம். சீசன் காரணத்தை உண்மையிலேயே காட்ட முடிகிறவர்களுக்கு அது உதவும். வருடம் முழுக்க ஒரே பன்னிரண்டு பேரை வைத்திருப்பவர் எதைக் காட்டுவார்?

"எங்ககிட்ட ஐம்பது பேரெல்லாம் இல்லீங்க" என்று ஆத்தூரில் பெரும்பாலானோர் நிம்மதியாகச் சொல்லலாம். அந்த நிம்மதி பாதிதான் சரி. ஐம்பது என்பது ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கு மட்டுமான எண். இ.எஸ்.ஐ. பத்துப் பேரிலேயே தொடங்கும். பி.எஃப். இருபதில். வெளிமாநிலத் தொழிலாளர் விதிகள் பத்தில். குறைந்தபட்சக் கூலிக்கு எண்ணிக்கையே கிடையாது. ஒருவர் இருந்தாலும் உண்டு, மூட்டைக் கணக்கில் கூலி பேசியிருந்தாலும் உண்டு. நாள் கூலிக்கு வரச்சொன்ன ஆளை வண்டி வராததால் மதியமே அனுப்பினால் முழுநாள் கூலி அவருக்குச் சேரும். குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படியைத் தமிழக அரசு ஏப்ரல் தோறும் மாற்றி அறிவிக்கிறது. போன வருட ஒப்பந்தத்தை அப்படியே நீட்டிக்கிறவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இதில்தான்.

அட்டி சரிந்தால்

விபத்துதான் இதில் மிகப் பெரிய தொகை, மிகக் குறைவாக யோசிக்கப்படும் தொகையும் அதுவே. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே, ஒப்பந்ததாரரின் ஆள் உங்கள் வேலையில் அடிபட்டால் உங்களிடமே இழப்பீடு கேட்கலாம் என்று எழுதிவிட்டார்கள். கொடுத்துவிட்டு நீங்கள் ஒப்பந்ததாரரைப் பிடித்துக்கொள்ளலாம். நான்கு தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது.

எவ்வளவு? இறப்பு என்றால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று அட்டவணையில் கொடுத்துள்ள எண்ணால் பெருக்க வேண்டும். கூலிக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு என்று கொண்டால், நாற்பது வயதுக்காரருக்கு 7,500 பெருக்கல் 184.17. அதாவது 13,81,275 ரூபாய். முப்பது வயதென்றால் அந்த எண் 207.98, தொகை 15.6 லட்சத்துக்குப் போய்விடும். சின்ன ஆலையின் ஒரு சீசன் லாபத்தைக் கொண்டுபோகக் கூடிய தொகை இது.

அதே மனிதர் இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால் ஆலைக்காரர் இந்தத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. மருத்துவம், ஊன உதவி, குடும்பத்துக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகை எல்லாவற்றையும் இ.எஸ்.ஐ. கழகம் ஏற்கும். வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, சேர்ந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. முதலாளி பங்கு கூலியில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். பதினைந்தாயிரம் கூலிக்கு இருவருமாகச் சேர்த்து மாதம் 600 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க ஒருவர் ஏன் நினைக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம். அடிபட்ட பிறகு அவசரமாகப் பெயர் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தேதியைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

விபத்தென்று பேசும்போது மூட்டையின் எடையையும் பேச வேண்டும். சேகோசர்வ் தொடங்கியது 1981இல். அங்கே ஜவ்வரிசி விலை பேசுவது பல காலமாக 90 கிலோ மூட்டைக் கணக்கில். ஒரு மனிதன் கையால் தூக்கும் எடையைப் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றது. அந்த உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றுக்கொண்டது. சிமென்ட், அரிசி எல்லாம் 50 கிலோவுக்கு வந்துவிட்டன. இரண்டு பேர் பிடித்துத் தூக்கி மூன்றாவது ஆளின் முதுகில் ஏற்றிவிடும் 90 கிலோ மூட்டை, நாற்பது வயதுக்குமேல் ஒரு லோடுமேனை எந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்பதற்குச் சேலம் ஜில்லாவில் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. எந்த ஏஜென்சி ஒப்பந்தமும் இதைச் சரிசெய்யாது. சாக்கின் அளவை மாற்ற ஆலைக்காரர்களால்தான் முடியும்.

பில்லைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு ஆளுக்கு மாதக் கூலி 15,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொள்ளும் எண் இது. பி.எஃப்.இல் முதலாளி பங்கு 12 சதவீதம், காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம்: 1,950. இ.எஸ்.ஐ. 488. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம்: 1,250. ஆக 18,688. விடுப்புச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் இன்னும் சேர்க்கவில்லை. காண்ட்ராக்டர் கமிஷன் 8 சதவீதம் என்றால் 1,495, கூட்டினால் 20,183. ஆள் சப்ளைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அது கூலி, பி.எஃப். எல்லாம் சேர்ந்த மொத்தத்தின்மேல் விழும்: 3,633. கடைசித் தொகை 23,816.

இந்த ஜி.எஸ்.டி.யை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடிந்தால் உண்மைச் செலவு 20,183தான். வரி இல்லாத தொழில் செய்கிறவருக்குக் கழிக்க வழியில்லை. விவசாய விளைபொருளைச் சேமித்து வைக்கும் குடோன் வாடகைக்கு வரிவிலக்கு இருப்பதால், வெறும் சோளக் குடோன் நடத்துபவருக்கு அந்த 3,633 கைவிட்டுப் போன காசு. பன்னிரண்டு பேரை நேரடியாக வைத்தால் அவருக்கு மாதம் 61,536 ரூபாய் மிச்சம். கழித்துக்கொள்ள முடிகிறவருக்கும் 17,940. வருடம் முழுக்க வேலை இருக்கும் இடத்தில் நேரடியாக எடுப்பதே மலிவு என்றது இதனால்தான். சீசனுக்கு மட்டும் வேண்டுமென்றால் குறிப்பிட்ட காலத்துக்கு நேரடி நியமனம் செய்யவும் புதிய தொகுப்புகளில் இடமிருக்கிறது. நிரந்தர ஆளுக்குள்ள சலுகைகள் அவருக்கும் உண்டு, ஒரு வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு.

இப்போது ஒரு காண்ட்ராக்டர் வந்து, "ஆளுக்கு 17,500, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து" என்கிறார் என்று வையுங்கள். கூலி பதினைந்தாயிரம் போக 2,500. பி.எஃப்.உம் இ.எஸ்.ஐ.யும் 2,438. மீதி 62 ரூபாயில் போனஸ் கொடுத்து, தானும் சம்பாதித்து, ஆள் தங்க வீடும் பிடிப்பாரா? ஏதோ ஒன்றைக் கட்டமாட்டார். எதைக் கட்டமாட்டார் என்பதை அவர் சொல்லமாட்டார். விலை குறைந்த டெண்டரைத் தேர்ந்தெடுத்து மகிழ்கிறவர் உண்மையில் ஒரு கடனை வாங்கிக்கொண்டிருக்கிறார். பி.எஃப். நிலுவைக்கு வட்டியும் உண்டு, அபராதமும் உண்டு. காண்ட்ராக்டருக்குத் தனி பி.எஃப். எண் இருந்தால் முதல் கை அவர்மேல் விழும். அவரிடம் பெயராததைத் தேடிக்கொண்டு உங்கள் வாசலுக்கும் வருவார்கள்.

தொழிலாளி தரப்பிலும் இதற்கு ஒத்துழைப்பு கிடைக்கும் என்பதைச் சொல்லாவிட்டால் முழு உண்மை ஆகாது. பதினைந்தாயிரத்தில் அவர் பங்கு பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113 போனால் கையில் 13,087. "பிடித்தம் வேண்டாம், முழுசா குடுங்க" என்று கேட்பவர்கள் அதிகம், அதிலும் நான்கு மாதத்தில் ஊர் திரும்பப்போகும் ஒடிசா, பீகார் ஆட்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பழைய காண்ட்ராக்டர்கள் திறந்த கணக்கில் பணம் எடுக்க முடியாமல் அலைந்தவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை முதல் நாளே கையில் கொடுத்து, ஆதாரோடு இணைத்துவிட்டால் அந்தச் சந்தேகத்தில் பாதி போய்விடும்.

சரிபார்க்கச் சில வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. காண்ட்ராக்டர் காட்டும் பி.எஃப். ரசீதில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அது போதாது. ஒரே ரசீதை மூன்று ஆலைகளிலும் காட்டிவிடலாம். பெயரும் யு.ஏ.என். எண்ணும் உள்ள மாதப் பட்டியலை வாங்கி, உங்கள் கேட் ரிஜிஸ்டரோடு ஒத்துப்பாருங்கள். கேட்டில் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டு, பட்டியலில் ஒன்பது பேர் இருந்தால் மீதி ஐந்து பேர் உங்கள் கணக்கில் நிற்கிறார்கள். கூலி வங்கிக் கணக்குக்குப் போகட்டும். போன மாதப் பட்டியலைப் பார்த்த பிறகே இந்த மாதப் பில்லுக்குப் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு வாய்த்தகராறு இருக்காது.

காகிதத்தில் காண்ட்ராக்டர்

சிலர் எதிர்த் தவறைச் செய்கிறார்கள். ஒப்பந்தம், உரிமம், பில் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் யார் வேலைக்கு வருவது, யாருக்கு லீவு, யாரை நாளை முதல் நிறுத்துவது என்று முடிவெடுப்பது ஆலை சூப்பர்வைசர். காண்ட்ராக்டர் மாதம் ஒருமுறை வந்து பில் கொடுத்துவிட்டுப் போவார். மேஸ்திரிக்கு ஜி.எஸ்.டி. எண் வாங்கிக்கொடுத்து அவரையே "ஏஜென்சி" ஆக்குவதும் நடக்கிறது. நீதிமன்றம் இதைப் பார்த்துச் சிரிக்கும்.

1978இல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கு ஒன்றில், ஹுசைன்பாய் வழக்கு என்பார்கள், நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு இதில் அடித்தளம். இடையில் எத்தனை ஒப்பந்ததாரர் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி என்றது. இந்திய உணவுக் கழகத்தின் சிலிகுரி டெப்போவில், மூட்டை தூக்கும் 464 பேருக்கு ஒப்பந்ததாரரை விலக்கி நேரடியாகக் கூலி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பிறகு மறுபடியும் ஒப்பந்ததாரரைக் கொண்டுவந்தார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. நேரடியாக எடுத்த ஆளை மீண்டும் காண்ட்ராக்டர் கணக்குக்குத் தள்ளுவது அவ்வளவு எளிதல்ல. 2001இல் வந்த ஸ்டீல் அதாரிட்டி வழக்கின் தீர்ப்பு முதலாளிகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. ஒப்பந்த முறையை அரசு தடைசெய்தாலும் ஆட்கள் தாமாகவே நிரந்தரம் ஆகிவிடமாட்டார்கள் என்றது. ஆனால் ஒப்பந்தமே கண்துடைப்பு என்று நிரூபணமானால் அவர்கள் ஆலையின் ஆட்கள்தான் என்பதை அதுவும் மாற்றவில்லை.

ஆகவே உண்மையாகவே வெளியாளை வைக்கிறீர்கள் என்றால் வேலையை வாங்குங்கள், ஆளை ஆள்வதைக் காண்ட்ராக்டரிடம் விடுங்கள். இத்தனை மூட்டை, இந்த நேரத்துக்குள், சேதாரம் இவ்வளவுக்குள் என்று பேசலாம். யாரை அனுப்புவது, யாருக்கு லீவு என்பதை அவருடைய ஆள் ஒருவர் குடோனில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். அந்த ஆளை வைக்கக்கூட வசதியில்லாத காண்ட்ராக்டர் வெறும் பில் புத்தகம்.

மூட்டை தூக்குகிறவர் கேட்க வேண்டியவையும் உண்டு. நியமனக் கடிதம் இப்போது சட்டப்படி உரிமை. இ.எஸ்.ஐ. எண்ணும் யு.ஏ.என். எண்ணும் அவருடைய சொத்து, காண்ட்ராக்டர் மாறினாலும் அவை மாறுவதில்லை. பல இடங்களில் சுற்றி வேலை செய்து, எங்கும் பி.எஃப். கிடைக்காத செட் ஆட்களுக்குத் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து மரணம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. முன்பணம் வாங்கியவரை, அதைத் தீர்க்காமல் போகக்கூடாது என்று ஷெட்டில் நிறுத்திவைத்தால் அது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. மேஸ்திரி செய்தாலும் குற்றம்தான், வளாகத்துக்கு உரியவரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

மும்பையில் இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டார்கள். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் மாத்தாடிகள். அண்ணாசாகேப் பாட்டீல் அவர்களைத் திரட்டினார், 1969இல் மகாராஷ்டிரம் தனிச் சட்டம் போட்டது. வியாபாரியும் தொழிலாளியும் ஒரு வாரியத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். வாரியத்தில் இரு தரப்பும் அரசும் உட்கார்ந்திருக்கிறார்கள். வியாபாரி கூலியோடு, அதன்மேல் ஒரு சதவீதத் தொகையையும் வாரியத்தில் கட்டிவிடுவார். வாரியம் கூலியைக் கொடுக்கும், மேல்தொகையிலிருந்து பி.எஃப்., போனஸ், விடுப்பு, மருத்துவம் எல்லாம் நடக்கும். ஒரே செட் ஐந்து கடைகளில் தூக்கினாலும் கணக்கு ஒரே இடத்தில் சேர்கிறது. கேரளம் 1978இல் சுமட்டுத் தொழிலாளருக்கு இதேபோல் ஏற்பாடு செய்தது. அங்கே தூக்காமல் நின்று பார்த்ததற்கே காசு கேட்கும் நோக்குக்கூலி என்ற வியாதியும் வளர்ந்தது. 2018 மே முதல் தேதியிலிருந்து அரசு அதற்குத் தடை போட்டது. நம் வாரியம் உதவித்தொகை கொடுப்பதோடு நின்றுவிட்டது. கூலியையே வசூலித்துக் கொடுக்கும் வேலைக்குப் போகவில்லை. ஆத்தூர்போல ஆலைகள் அருகருகே இருக்கும் ஊருக்கு மும்பை முறைதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு செய்யும்வரை காத்திருக்காமல், நாலைந்து ஆலைகள் சேர்ந்து ஒரே செட்டை ஒரே ஒப்பந்தத்தில், ஒரே பி.எஃப். பட்டியலில் வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. யார் எத்தனை மூட்டை என்ற கணக்கில் செலவைப் பிரித்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் ஒப்பந்தம் முடியும் மாதத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். சீசன் முடிந்து ஆட்கள் ஊருக்குக் கிளம்பும் அந்த மாதத்துக் கூலி, போனஸ் பாக்கி, பி.எஃப். கட்டணம் இவைதான் பெரும்பாலும் காணாமல் போகிறவை. அடுத்த மாத வேலை இல்லாததால் காண்ட்ராக்டருக்கு உங்களிடம் பயம் விட்டுப்போயிருக்கும். வேலையை விட்டு நிற்கும் ஆளுக்கு இரண்டு வேலை நாளுக்குள் கூலி தீர வேண்டும் என்பது சட்டம். ஆட்கள் ரயில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் குடோனிலேயே, உங்கள் ஆள் ஒருவர் முன்னிலையில் அந்தக் கூலியைத் தீர்க்கச் சொல்லுங்கள். கடைசிப் பில்லை, அந்த மாதத்து பி.எஃப். பட்டியல் கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.